ஹாட் டப் கத்துகிறது, பிரேக்கர் விழுகிறது: மினியாபோலிஸ் போன தம்பிக்கு

தம்பி, உங்கள் அப்பா வாட்ஸப்பில் அனுப்பிய கேள்வி கிடைத்தது. நான் இப்போது சேலத்தில்தான், அம்மாப்பேட்டையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வந்தேன். இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே கரண்ட் போய்விட்டது. தெருவில் தறிச் சத்தம்கூட இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாடகைக்குப் பிடித்த வீட்டின் பின்னால், உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியான ஹாட் டப் இருக்கிறது, அதன் மோட்டார் கொஞ்ச நாளாகக் கிறீச்சென்று கத்துகிறது, இப்போது பிரேக்கரும் விழுகிறது. கரண்ட் கசிந்தால் விழும் ஜி.எஃப்.சி.ஐ. பிரேக்கரைக் கழற்றிவிட்டுச் சாதா பிரேக்கர் போட்டால் விழாது என்று ஆபீஸில் நம் ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஸ்கூல், கார் இன்சூரன்ஸ், மாவு கிரைண்டர். ஸ்கூலைப் பெரும்பாலும் உங்கள் வீட்டு முகவரியே முடிவு செய்துவிடும். இன்சூரன்ஸுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள். கிரைண்டரை இங்கிருந்து தூக்கிப் போகாதீர்கள், அங்கே வோல்டேஜ் 120. அவ்வளவுதான்.

பிரேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். சாதா பிரேக்கர் போட்டால் விழாதுதான். பிரேக்கர் விழாது, ஆள் விழுவார். நம் ஊர் வீடுகளில் அதே வேலை செய்யும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும். அங்கே ஜி.எஃப்.சி.ஐ. 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும். மனித உயிரைக் காக்க வைத்த கணக்கு அது. 1968-லேயே நீச்சல்குளத்தின் நீரடி விளக்குகளுக்கு அமெரிக்க மின்விதியில் இதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சாதா பிரேக்கருக்கு இந்தக் கசிவு கண்ணிலேயே படாது. அது 50 ஆம்பியர் ஓடும் வயருக்குக் காவல், உங்களுக்குக் காவல் அல்ல.

நம்மவர்களில் ஒரு வகை உண்டு தம்பி. போன வருஷம் வந்து இறங்கியவர், இந்த வருஷம் வந்தவருக்கு எல்லாம் தெரிந்த பெரியவராகிவிடுவார். ஃபியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பியாகப் போடு என்று ஊரில் கற்றதை அப்படியே விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார். டேக்ஸ், விசா, மின்சாரம் எதிலும் அவருக்குச் சந்தேகமே வராது. காபி வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள், வயரில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

நீங்கள் சத்தம் ஒரு கோளாறு, பிரேக்கர் விழுவது வேறொரு கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. மோட்டார் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் வெளியே வராமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் இருக்கும். அது தேய்ந்தால் மருந்து கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக முன் பேரிங்குக்குப் போய், கிரீஸைக் கழுவித் துருப்பிடிக்க வைக்கும். கிறீச் அங்கிருந்துதான். அதே ஈரம் இன்னும் உள்ளே போய் மோட்டாரின் கம்பிச்சுற்றான காயிலைத் தொட்டால் கரண்ட் எர்த்துக்குக் கசியும், பிரேக்கர் விழும்.

எல்லாச் சத்தமும் பேரிங் அல்ல. தண்ணீர் மாற்றியதும் தண்ணீர் பீச்சும் ஜெட்டில் வேகமில்லாமல் கடகடத்தால் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. ஃபில்டரை வெளியே எடுத்துச் சற்று ஓட்டும்போது சத்தம் அடங்கினால் ஃபில்டரில் அழுக்கு. முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கண்டன்சர் போயிருக்கும், இல்லை தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் ஏதாவது சிக்கியிருக்கும். நாளுக்கு நாள் ஏறும் கிறீச்தான் பேரிங். எங்கள் அப்பா தறிக்குடோனில் கயிற்றுக்கட்டிலில் தூங்கிக்கொண்டே, "மூணாவது தறி மோட்டார் பேரிங் போகுது, நிறுத்து" என்பார். செவ்வாய்ப்பேட்டையில் காயில் கட்டும் கடைக்கு அந்த மோட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டி நான் எடுத்துப் போவேன்.

அந்தக் காதுதான் அமெரிக்காவில் எனக்குச் சோறு போட்டது. வந்த புதிதில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். மேலே இருந்தவர் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, போர்வை வாங்கிக்கொள் என்பார். ஏற்காட்டு மார்கழியைத்தான் குளிர் என்று நம்பி வளர்ந்தவன் நான். பகோடா பாயிண்ட் காற்றுக்கே பல் தந்தியடிக்கும். மினசோட்டா ஜனவரியில் மூக்குக்குள் இருக்கும் முடி உறைந்தபோது, திரும்பிப் போய்விடலாமா என்றுதான் இருந்தது. பேஸ்மென்டில் ஓடிய தண்ணீர் மோட்டார் ஒருநாள் கத்த ஆரம்பித்தது. பிரித்துப் பேரிங் மாற்றிக் கொடுத்தேன். பல மோட்டார்களில் 6203 என்ற பேரிங்தான், எந்த ஊரிலும் கிடைக்கும். அன்றிலிருந்து ஹீட்டர் குறையவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு நட்டு திருகக்கூட ஆள் வேண்டும், அப்புறம் வந்து பார்க்கவே இவ்வளவு காசா என்று புலம்பல்.

சரி, உங்கள் டப். அதன் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றும் முன், சற்றுத் தள்ளிச் சுவரில் இருக்கும், டப்புக்குப் போகும் கரண்டை நிறுத்தும் டிஸ்கனெக்ட் பெட்டியை ஆஃப் செய்யுங்கள். கை வைக்காமல் டார்ச் மட்டும் அடியுங்கள். பம்புக்கு அடியில் வெள்ளைப் படிவோ துருக் கோடோ தெரிந்தால் சீல் போயிருக்கிறது. ஒன்றும் தெரியாமல், தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது மட்டும் பிரேக்கர் விழுந்தால் ஹீட்டர் மேல் சந்தேகப்படலாம். அணிலும் எலியும் வெதுவெதுப்புக்கு உள்ளே குடிவந்து வயரைக் கடிப்பதும் நடக்கும். லைசென்ஸ் உள்ள ஆள் வந்தால் ஹீட்டர், தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஓசோனேட்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாக இணைப்பை எடுத்துவிட்டுப் பார்ப்பார். எடுத்த உடனே முழு டப்பையும் மாற்றச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதுவரை யாரும் டப்பில் இறங்க வேண்டாம், குழந்தைகள் நிச்சயமாகக் கூடாது. வாடகை வீடு, அதனால் வீட்டுக்காரருக்கு மெயிலில் எழுதுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். அக்டோபருக்குள் முடியவில்லை என்றால் தண்ணீரை முழுக்க இறக்கி, குழாய்களில் நிற்பதையும் ஊதி எடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத டப்பில் தண்ணீர் உறைந்தால் பம்பும் குழாயும் சேர்ந்தே வெடிக்கும்.

மெயிலோடு படம் வையுங்கள், எனக்கும் ஒன்று அனுப்புங்கள். மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் வோல்ட்டும் ஆம்ப்ஸும் ஃபிரேம் எண்ணும் படிக்கும்படி எடுங்கள். அது இல்லாமல் ஆர்டர் போட்டால் பொருந்தாத பம்பைத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள்.