நியூட்டன் படித்த ‘இலக்கணப் பள்ளி’

வணக்கம். நியூட்டன் இங்கிலாந்தின் கிரான்தம் ஊரில் ஆண்களுக்கான கிராமர் ஸ்கூலில் படித்தார் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளின் பாடக் குறிப்பில் அதை ‘இலக்கணப் பள்ளி’ என்று போட்டிருக்கிறார்கள். இலக்கணம் படித்த பையன் எப்படிக் கணித மேதை ஆனான் என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?

ரா., திண்டுக்கல்

அன்புள்ள ரா.,

மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். மொழிபெயர்ப்பில் தவறில்லை, ஆனால் எந்த மொழியின் இலக்கணம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அங்கே கற்பித்தது லத்தீன் இலக்கணம், கூடவே கொஞ்சம் கிரேக்கம். லத்தீன் தெரியாமல் அன்று ஆக்ஸ்ஃபோர்டுக்கோ கேம்பிரிட்ஜுக்கோ போக முடியாது.

கிரான்தம் பள்ளியின் கதை 1329 வரை பின்னால் போகிறது. பக்கத்து ராப்ஸ்லி கிராமத்தில் பிறந்து வின்செஸ்டர் பிஷப்பாக உயர்ந்த ரிச்சர்ட் ஃபாக்ஸ், 1528இல் அதற்கு நிலையான வருமானம் ஏற்படுத்தினார். அன்றிலிருந்து அதே இடத்தில் நடக்கிறது. இன்றைய பெயர் கிங்ஸ் ஸ்கூல்.

நியூட்டன் 1655இல், 12 வயதில் அங்கே சேர்ந்தான். ஊல்ஸ்தார்ப்பில் இருந்த வீடு சுமார் 11 கிலோமீட்டர் தூரம். அதனால் ஊரில் மருந்து விற்ற கிளார்க் என்பவரின் வீட்டில் தங்கிப் படித்தான். முதலில் வகுப்பில் கடைசிக்குப் பக்கத்தில்தான் இருந்தான். தன்னை உதைத்த பையனைச் சண்டையில் அடித்துப்போட்டதோடு நிற்காமல், படிப்பிலும் அவனை முந்தி முதலிடத்துக்கு வந்தான்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர் தலைமையாசிரியர் ஹென்றி ஸ்டோக்ஸ். நியூட்டனுக்கு 17 வயது நெருங்கும்போது, பண்ணையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். பையனுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. ஆடுகளை மேயவிட்டுவிட்டு வேலியோரம் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான். ஸ்டோக்ஸ் விடவில்லை. அம்மாவிடம் பேசினார். வெளியூர்ப் பையன்கள் கட்ட வேண்டிய 40 ஷில்லிங் கட்டணம் வேண்டாம் என்றார், தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். தாய்மாமனும் சேர்ந்து வற்புறுத்த, 1660இல் பையன் பள்ளிக்குத் திரும்பினான். மறு ஆண்டு ஜூனில் கேம்பிரிட்ஜ். கிளம்பும் நாளில் பள்ளி முழுவதன் முன்னால் அவனை நிறுத்தி, கண்ணீரோடு புகழ்ந்து பேசினாராம் ஸ்டோக்ஸ். அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, கணிதம்? அதைப் பெரும்பாலும் கேம்பிரிட்ஜில் தானாகவே படித்துக்கொண்டார். பிரெஞ்சுக் கணித மேதை டெகார்ட்டின் வடிவியலைப் படித்தது லத்தீன் பதிப்பில். இயக்கத்தையும் ஈர்ப்பு விசையையும் விளக்கி 1687இல் வந்த தன் ‘பிரின்சிபியா’ நூலையும் லத்தீனில்தான் எழுதினார். கிரான்தத்தில் உருப்போட்ட இலக்கணம்தான் அந்தப் புத்தகங்களைத் திறந்துகொடுத்தது என்று மகளிடம் சொல்லுங்கள்.

‘கிராமர் ஸ்கூல்’ என்றால் இன்று வேறு பொருள். 1944இன் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, 11 வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. 1965க்குப் பிறகு பல ஊர்களில் அந்தப் பிரிவினையைக் கைவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்போது மீதமிருப்பவை 163. கிரான்தம் பள்ளியும் அதில் ஒன்று. 11 வயதில் ஒரு பிள்ளையை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நியூட்டன் அந்தப் பள்ளிக்குள் நுழைந்ததே 12 வயதில், அதுவும் கடைசிக்குப் பக்கத்தில்.

மகளுக்கு இன்னொரு செய்தி: அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் ஜன்னல் திண்டில் ‘ஐ. நியூட்டன்’ என்று செதுக்கிய பெயர் இருக்கிறது. அவனே செதுக்கியது என்கிறார்கள்.