பழைய ரேங்க் கார்டு இருக்கிறதா? பெரியவர்களின் ஏடிஹெச்டி: கேள்வி பதில்

மனநல மருத்துவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை. கவனக்குறைவோ மிகைத் துறுதுறுப்போ, இரண்டுமோ இருக்கிற கோளாறைத்தான் சுருக்கமாக ஏடிஹெச்டி என்கிறோம்.

கேள்வி: வயது 33, ஐடி வேலை. இரண்டு வருடமாக எதிலும் மனசு நிற்பதில்லை, டாக்டர். மீட்டிங்கில் காதில் விழுகிறது, மண்டையில் ஏறுவதில்லை. ரீல்ஸில் சொல்கிற அத்தனை அறிகுறியும் இருக்கிறது.

பதில்: "இரண்டு வருடமாக" என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். இது முப்பது வயதில் புதிதாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்கிறது மனநோய்களைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கிற, 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு. முந்தைய பதிப்பில் அந்த எல்லை 7 வயது. அதனால்தான் வருகிறவர்களிடம் பழைய ரேங்க் கார்டு கேட்பேன். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தால் எனக்கு அது பெரிய தடயம். அப்படி எதுவும் இல்லையென்றால் தூக்கம், தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் இவற்றை முதலில் பாருங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்களுக்கும் பகலெல்லாம் இதே மந்தம்தான்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்கு ஏடிஹெச்டி என்றார்கள். படித்துப் பார்த்தால் என் கதை மாதிரியே இருக்கிறது. ஆனால் நான் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. 41 வயதில் இப்படி இருக்குமா?

பதில்: இருக்கலாம் அம்மா. இதில் மரபின் பங்கு ஏறக்குறைய முக்கால்வாசி என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். பிள்ளைக்குக் கண்டுபிடிக்கப் போய் பெற்றோருக்குத் தெரியவருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பெஞ்சில் ஏறிக் குதிக்கிற பையன் உடனே மாட்டிக்கொள்வான். ஜன்னலோரம் வேறு உலகத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை "அமைதியான பிள்ளை" என்று பாராட்டி விட்டுவிடுவார்கள். அவள் வளர்ந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போவாள். அங்கே பீரோவை ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பாள். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பால் ஞாபகம் வரும். எல்லார் வீட்டிலும் பால் பொங்கும்தான். வாரம் நாலு நாள் பொங்கி, ஸ்கூல் ஃபீஸ் கெடுவும் தப்பி, அலுவலகத்திலும் இதே கதை என்றால்தான் யோசிக்க வேண்டும். கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் பெரியவர்களுக்குக் குறைந்தது ஐந்து வேண்டும், குழந்தைகளுக்கு ஆறு. ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். உங்கள் அம்மா இருந்தால் சின்ன வயதுக் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அஞ்சு மணி நேரம் எழுந்திருக்காமல் வீடியோ எடிட் பண்ணுவேன். அப்போ எனக்கு இல்லைதானே சார்?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது தம்பி. பெயர்தான் குழப்புகிறது. கவனம் இருக்கிறது, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் சிரமம். எடிட்டிங்கில் அஞ்சு மணி நேரம் உட்காருகிறவர், ஜிஎஸ்டி கணக்குக்கு அஞ்சு நிமிடம் உட்கார முடிகிறதா?

கேள்வி: ஆன்லைனில் ஆறு கேள்வி டெஸ்ட் எடுத்தேன், 'பாசிட்டிவ்'. போதுமா?

பதில்: போதாது. அது பெரியவர்களுக்கான, உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் கேள்விப் பட்டியலாக இருக்கும். மொத்தம் 18 கேள்வி, முதல் ஆறு வெறும் சல்லடை. ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இதை உறுதிசெய்யாது. யாராவது ஸ்கேன் பேக்கேஜ் விற்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோமா?

பதில்: ஏடிஹெச்டிக்குத் தருகிற மெத்தில்ஃபெனிடேட் கட்டுப்பாடுள்ள மருந்து, இந்தியாவில் அட்டவணை எக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகிறது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து, சொன்ன அளவில் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். பரீட்சைக்கு நண்பனிடம் வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. இதற்கே தருகிற அட்டோமாக்ஸெடின் வேறு வகை மருந்து, பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

கேள்வி: சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார் என் கணவர், ஆனால் கரண்ட் பில் கட்ட மாட்டார். கோளாறா, அலட்சியமா?

பதில்: இங்கிருந்து சொல்ல முடியாது அம்மா. ஆனால் அலட்சியக்காரர் தனக்கு வேண்டியதை மறக்கமாட்டார். தன் லைசென்ஸைப் புதுப்பிக்கவும் மறந்து, வண்டிச் சாவியைத் தினமும் தேடுகிறவர் என்றால் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்களும் கட்டாயம் கூடப் போங்கள். என்னென்ன மறந்தீர்கள் என்று அவரைக் கேட்டால் அவருக்கு எப்படி ஞாபகம் வரும்?