போட்டோவோடு வந்த 137 கவிஞர்கள்

கேள்வி: ஜெர்மனியில் 'கோடெக்ஸ் மனெஸ்ஸே' என்று 700 வருஷத்துப் பழைய பாட்டுச் சுவடி ஒன்று இருக்கிறதாம். ஏறக்குறைய 6000 பாட்டு. ஒன்றுக்குக்கூட மெட்டு எழுதி வைக்கவில்லை. கவிஞர்கள் படத்தை மட்டும் போட்டோ மாதிரி முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். மெட்டு இல்லாத பாட்டுப் புத்தகத்துக்கு எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், மன்னார்குடி

பதில்: எல்லாம் சரி, அந்தப் 'போட்டோ' என்ற வார்த்தையை மட்டும் போட்டிருக்க வேண்டாம். இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு ஆகாத வார்த்தை அது. கவிதை அனுப்புகிறவர்கள் முதலில் போட்டோ அனுப்புகிறார்கள். நெற்றியில் விரல் வைத்த போட்டோ, ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற போட்டோ, கடலுக்கு முகத்தையும் நமக்கு முதுகையும் காட்டுகிற போட்டோ. பத்துக்கு ஏழு, கன்னத்தில் கை வைத்த போட்டோ. கவிதை மறுநாள் வரும். சில சமயம் வருவதே இல்லை. போன மாதம் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கவிதையை வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள் சார், படத்தில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்." அவர் கை ஏற்கெனவே கன்னத்தில் இருந்தது. நான் வேறு எங்கே வைப்பது?

அந்தக் கன்னத்துக் கைக்கு நியாயமாக உரிமை கொண்டாடக்கூடியவர் நீங்கள் கேட்ட சுவடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். 124ஆம் ஏடு. பெயர் வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடே. பாறைமேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, முழங்காலில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்திருப்பார். மறுகையிலிருந்து ஓர் எழுத்துச் சுருள் தொங்கும். மேலே குடும்பச் சின்னம். ஃபோகல்வைடே என்றால் பறவைகள் மேயும் இடம் என்று அர்த்தம். ஓவியர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு பறவையைக் கூண்டில் அடைத்து, அதைச் சின்னமாக்கிவிட்டார். கவிஞனின் பெயரை இதைவிட மோசமாக யாரும் படித்திருக்க முடியாது.

ஆனால் அந்த உட்காரும் தினுசு ஓவியரின் கற்பனை இல்லை. வால்ட்டரே பாட்டில் எழுதியது. 'நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன்' என்று தொடங்கி, கால், முழங்கை, தாடை, கன்னம் என்று ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று கணக்குக் கொடுக்கிறார். எதற்காக அப்படி உட்கார்ந்தார்? 1197இல் பேரரசர் ஆறாம் ஹைன்ரிக் செத்துப்போனார். அடுத்த வருஷமே ஒரு நாட்டுக்கு இரண்டு ராஜா. மானம், பொருள், கடவுள் அருள் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் எப்படி வைப்பது என்று யோசிக்கிறார் மனிதர். முடியவில்லை. தெருவில் அடிதடி நடக்கிறது, துரோகம் மறைவில் காத்திருக்கிறது, அமைதியும் நீதியும் காயம்பட்டுக் கிடக்கின்றன என்கிறார். கன்னத்தில் கை வைக்க இது போதுமான காரணம். நம்மவர்களின் காரணத்தை நான் விசாரிக்கவில்லை.

ஆக, அது போட்டோ இல்லை. வால்ட்டர் 1230 வாக்கில் இறந்தார். சுவடி சூரிச்சில் 1300இலிருந்து 1340 வரை கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. வால்ட்டரை நேரில் பார்த்த ஒரு ஜீவன் அப்போது உயிரோடு இல்லை. ஓவியர் பாட்டைப் படித்தார், படித்தபடி ஆளை உட்கார வைத்தார். கவிதையைப் படித்துவிட்டுப் படம் போடுவது என்ற வழக்கம் அன்றைக்கு இருந்திருக்கிறது என்று தெரிகிறது. முகங்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: பக்கத்துக்குப் பக்கம் அதே இளமை, அதே சுருட்டை முடி. கவிஞருக்கு வயதானதாகப் பெரும்பாலோர் காட்டிக்கொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நமக்கு வரும் படங்களும் அவையும் ஒத்துப்போகின்றன.

மொத்தம் 140 கவிஞர்கள், 426 தோல் ஏடுகள். 137 பேருக்கு முழுப்பக்க வண்ணப் படம். இன்னொன்று வெறும் கோடாகவே நின்றுவிட்டது. (6000 என்றீர்களே, அது பாட்டு இல்லை, சரணக் கணக்கு.) கிறிஸ்டன் ஃபொன் ஹாம்லேயை ஒரு கூடையில் உட்காரவைத்து, கோபுரத்தின் மேலிருந்து காதலி ராட்டினத்தைச் சுற்றித் தூக்குகிறாள். கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி. அவள் கை ஓய்ந்தால் கவிஞர் காலி. யாகோப் ஃபொன் வார்ட்டே மரத்தடித் தொட்டியில் குளித்துக்கொண்டிருக்கிறார், பெண்கள் பணிவிடை செய்கிறார்கள். எஸ்லிங்கன் ஊர்ப் பள்ளி வாத்தியாரும் கவிஞர்தான்; அவர் படத்தில் கவிதை தெரியவில்லை, பிரம்பு தெரிகிறது.

இந்தக் கூட்டத்தை எந்த வரிசையில் வைத்தார்கள்? அகரவரிசையிலா, காலவரிசையிலா, தரவரிசையிலா? மூன்றும் இல்லை. அந்தஸ்து வரிசை! முதலில் பேரரசர், பிறகு ராஜாக்கள், அப்புறம் பிரபுக்கள், அதன் பின்னால் நிலக்கிழார்கள், கடைசிப் பக்கங்களில் பாடிப் பிழைத்த வித்வான்கள். கவியரங்க அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்று இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்த பெரியவர் இதைப் படித்தால் நிம்மதியடைவார். அல்லது இவர்களோடும் பேச மாட்டார்.

முதல் படம் யாருடையது தெரியுமா? மேலே செத்துப்போனார் என்றேனே, அதே ஆறாம் ஹைன்ரிக். மொத்தம் எட்டே சரணம். இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை அடைத்து வைத்துக்கொண்டு 150000 வெள்ளி மார்க் கேட்ட மகானுபாவர் இவர்தான். அந்த ஆள் பாட்டில் என்ன சொல்கிறார் என்றால், காதலியை விட்டுக் கொடுப்பதற்கு முன் என் கிரீடத்தை விட்டுக் கொடுப்பேன் என்கிறார். சுவடிக்காரர்கள் அதைப் படித்துவிட்டு, தலையில் கிரீடத்தோடு சிம்மாசனத்தில் உட்காரவைத்து, முதல் இடத்தையும் கொடுத்துவிட்டார்கள். வரிசையின் லட்சணம் அது. நல்ல கவிஞனுக்கு 124ஆம் ஏடு.

அந்த நல்ல கவிஞன் எதைச் சம்பாதித்தான்? வால்ட்டர் உயிரோடு இருந்தபோது, பாட்டுக்கு வெளியே அவர் பெயர் இருக்கிற காகிதம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. பாஸாவ் நகர பிஷப் வோல்ஃப்கரின் பயணச் செலவுக் கணக்கு. 1203 நவம்பர் 12ஆம் தேதி, ட்சைசல்மௌவர் என்ற ஊரில், 'பாடகர் வால்ட்டருக்கு, கம்பளித்தோல் அங்கிக்காக, 5 நெடிய ஷில்லிங்'. பென்னிக் கணக்கில் 150. குளிர் தொடங்குகிற நேரம் பாருங்கள். அந்தக் கணக்கு எழுதிய குமாஸ்தா கவிதை படித்தவரா என்பது இருக்கட்டும். பணம் கொடுத்துவிட்டு எழுதி வைத்தார் அல்லவா, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். மணிவிழா மலருக்கு 24 வரி வாழ்த்துப்பா வாங்கிக்கொண்டு ஒரு சால்வையோடு அனுப்பிவைக்கிற விழாக் குழுக்கள் இந்த வரியை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். சால்வைக்கு நான் விரோதி இல்லை. பங்குனி வெயிலில் போர்த்துகிறார்களே என்பதுதான்.

சரி, மனெஸ்ஸே என்பது யார்? சூரிச்சின் பெரிய குடும்பம். ரூடிகர் மனெஸ்ஸேவும் அவர் மகன் யோஹன்னஸும் பாட்டுப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். இந்த ராஜ்யம் முழுக்க அலைந்தாலும் சூரிச்சில் இருக்கிற அளவுக்குப் பாட்டு ஓரிடத்தில் கிடைக்காது என்று ஹாட்லௌப் என்ற உள்ளூர்க் கவிஞர் புகழ்ந்து பாடிவைத்தார். அந்தப் புகழ்ச்சியை வைத்துத்தான் பிற்காலத்தார் சுவடிக்கு இந்தப் பெயரையே சூட்டினார்கள். ஹாட்லௌபின் புகழ்ச்சி வீண்போகவில்லை. அவர் பகுதியின் தொடக்க எழுத்துக்கு மற்றவர்களுக்கு இல்லாத அலங்காரம். படமும் ஒன்றுக்கு இரண்டு காட்சி; அதில் ஒன்றில், யாத்ரீகர் வேஷம் போட்டுக்கொண்டு, விடியற்காலைப் பூசை முடிந்து வருகிற பெண்ணின் உடையில் அவளுக்குத் தெரியாமல் கடிதத்தைக் கொக்கி போட்டு மாட்டுகிறார். பதிப்பாளரைப் பாராட்டி எழுதினால் பக்கம் கூடும் என்பது 14ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. என்னிடம் முயன்றவர்கள் உண்டு. பலித்ததா என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னைப் பொறாமைப்பட வைப்பது படமும் இல்லை, தங்கமும் இல்லை. காலி இடம். ஒரு கவிஞர் முடிந்ததும் அடுத்தவரை உடனே தொடங்கிவிடவில்லை. இன்னும் சரணம் கிடைத்தால் சேர்க்கலாம் என்று இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். சிலருக்குக் கிடைத்தது, வேறு கையெழுத்தில் நிரம்பியது. பலருக்கு வரவே இல்லை, தோல் அப்படியே வெளுப்பாகக் கிடக்கிறது. ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ, அன்றைக்கு அது என்ன விலை விற்றிருக்கும்! எங்கள் வடிவமைப்பாளருக்குப் பக்கத்தில் கால் அங்குலம் வெள்ளை தெரிந்தால் போதும், "சார், இங்கே ஒரு துணுக்கு?" என்று வந்து நிற்பார். பாம்பு பால் குடிக்குமா என்ற துணுக்கை இதுவரை ஒன்பது முறை போட்டாயிற்று.

அப்புறம் திருட்டுக் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1607இல் சுவடி ஹைடல்பெர்க் அரண்மனைக்கு வந்தது. 1622இல் படை புகுந்து ஊரைப் பிடித்தது. அங்கிருந்த பெரிய நூலகம் அப்படியே மூட்டை கட்டப்பட்டு போப்பாண்டவருக்கு அன்பளிப்பாக ரோமாபுரிக்குப் போனது. இந்தச் சுவடி மட்டும் அந்த மூட்டையில் இல்லை. பிறகு அது தலைகாட்டுவது பாரிஸில், 1657 முதல் பிரெஞ்சு ராஜாவின் நூலகத்தில். 1816இல் போப் 847 ஜெர்மன் சுவடிகளைத் திருப்பிக் கொடுத்தார். பாரிஸ்காரர்கள் கொடுக்கவில்லை, நாங்கள் கொள்ளையடிக்கவில்லையே என்றார்கள். உண்மையும் அதுதான்.

இங்கேதான் குல்யெல்மோ லிப்ரி வருகிறார். இத்தாலியர், பிரபு வம்சம், கணித மேதை. லிப்ரி என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'புத்தகங்கள்' என்று அர்த்தம். பிரெஞ்சு அரசு இவரைக் கூப்பிட்டு, நாடு முழுக்க நூலகங்களில் உள்ள சுவடிகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் குழுவில் போட்டது. பாலுக்குப் பூனை காவல் என்பது நம் பழமொழி. இந்தப் பூனைக்குச் சம்பளம், பயணப்படி, எல்லாக் கதவுக்கும் சாவி வேறு. மனிதர் ஊர் ஊராகப் போனார், பார்த்தார், பட்டியல் எழுதினார், போகிற போக்கில் நல்ல நல்ல சுவடியை எடுத்தும் போனார். 1847இல் ஒரு குவியலை ஆஷ்பர்னம் என்ற ஆங்கிலப் பிரபுவுக்கு விற்றார். 1848இல் லண்டனுக்கு ஓடிவிட்டார். ஆள் இல்லாமலேயே பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள். லண்டனிலும் சும்மா இருக்கவில்லை, ஏலம் போட்டு விற்றுக்கொண்டே இருந்தார். இன்ன சுவடி இன்ன நூலகத்தில் காணாமல் போனது என்று பின்னாளில் ஒவ்வொன்றாக நிரூபித்தவர் பாரிஸ் நூலகத் தலைவர் லெயோபோல் டெலீல்.

நிரூபித்து என்ன பயன், வாங்கப் பணம் வேண்டாமா? ஸ்ட்ராஸ்பர்க் புத்தக வியாபாரி கார்ல் ட்ரூப்னர் உள்ளே நுழைந்தார். ஜெர்மன் பேரரசரின் நிதியிலிருந்து 400000 தங்க மார்க் கிடைத்தது. ஆஷ்பர்னம் வாரிசிடமிருந்து 166 திருட்டுச் சுவடிகளை வாங்கி, பாரிஸில் கொடுத்து, மாற்றாக மனெஸ்ஸே சுவடியையும் 150000 பிராங்கையும் பெற்றுக்கொண்டார். 1888இல் சுவடி ஹைடல்பெர்க் போய்ச் சேர்ந்தது. போப் கொடுத்தது 847 அல்லவா? இதற்கு 848 என்று எண் போட்டார்கள். இன்றும் அதே எண்தான். ஒரு திருடன் திருடாமல் இருந்திருந்தால் அது பாரிஸிலேயே இருந்திருக்கும்.

உங்கள் மெட்டுக்கு வருகிறேன். இல்லைதான். அன்றைக்கு எல்லோர் காதிலும் இருந்ததை மையைச் செலவழித்து எழுதுவானேன் என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஒரு மெட்டில் வேறொரு பாட்டைப் பாடுவதும் சகஜமாக இருந்த காலம். யேனா நகரத்துச் சுவடியில் மெட்டுகள் உண்டு, ஆனால் படம் கிடையாது. நம் வால்ட்டரின் பாலஸ்தீனப் பாட்டுக்கு முழு மெட்டு, 1910இல் மூன்ஸ்டரில் அகப்பட்ட ஒரு துண்டுச் சுவடியில் இருக்கிறது. அந்தப் பாட்டின் வார்த்தைகள் மனெஸ்ஸே சுவடியிலும் உண்டு. ஆகவே முகத்துக்கு ஹைடல்பெர்க், மெட்டுக்கு மூன்ஸ்டர். ஹைடல்பெர்க்காரர்கள் 426 ஏட்டையும் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள்; 124ஐத் திறந்து அந்தக் கூண்டுப் பறவையைப் பாருங்கள். மூன்ஸ்டருக்கு ரயில் செலவு உங்களுடையது.