மாமியார் வீட்டு செபமாலையும் அம்மா வீட்டு பைபிளும்

கேள்வி: அக்கா, நான் கடலூர்ல லூத்தரன் (புராட்டஸ்டண்ட்) சபையில பொறந்து வளந்தவ. ரெண்டு வருஷம் முன்னாடி வில்லியனூர்ல ஒரு கத்தோலிக்க குடும்பத்துல கல்யாணம் ஆச்சு. சாயந்திரம் ஏழு மணியானா அத்தை மாதா படத்துக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்தி வச்சு செபமாலை ஆரம்பிச்சிடுவாங்க, எல்லாரும் முட்டி போடுவாங்க, நான் மட்டும் பக்கத்துல சும்மா உக்காந்திருப்பேன். அத்தை ஒரு வார்த்தை திட்டினதில்ல, ஆனா முகம் வாடிடும். எங்க அண்ணன் போன் பண்ணா, "நீயும் விக்கிரகத்துக்கு முன்னாடி விழ ஆரம்பிச்சிட்டியா, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஏசு ஒருவரேன்னு 1 தீமோத்தேயு 2:5ல இருக்கே"ன்னு கேக்கறான். யாரு சொல்றது சரி? நான் என்ன பண்ணட்டும்?
- வில்லியனூர் வாசகி

பதில்: தங்கச்சி, நான் பாண்டியில கத்தோலிக்க வீட்டுல பொறந்தவ, அத மறைச்சிட்டு உனக்கு பதில் சொன்னா நியாயமில்ல, அதனால முதல்லயே சொல்லிட்டேன்.

இன்னைக்கு ராத்திரி ஒரு காரியம் பண்ணு. செபமாலை முடிஞ்சதும் அத்தை மாதா பிரார்த்தனை சொல்லுவாங்கல்ல, அத நல்லா காது குடுத்து கேளு. ஆரம்பத்துல தந்தை, மகன், தூய ஆவின்னு வரும்போதெல்லாம் மத்தவங்க சொல்ற பதில் "எங்கள் மேல் இரக்கமாயிரும்". மாதா பேரு வர ஆரம்பிச்ச உடனே பதில் மாறிடும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". கடைசி வரைக்கும் அம்பது பேரு சொன்னாலும் அதே பதில்தான், ஒரு எடத்துல கூட மாதாவ பாத்து "இரக்கமாயிரும்"னு வராது. எங்க ஆயாவுக்கு எழுத படிக்க தெரியாது, செபமாலை மணி தேஞ்சு தேஞ்சு மரமா பித்தளையான்னே தெரியாத அளவுக்கு வச்சிருந்தாங்க, ஆனா பாதி தூக்கத்துல சொன்னாலும் இந்த ரெண்டு பதிலையும் மாத்தி சொல்லி நான் கேட்டதே இல்ல. கடவுள்கிட்ட கேக்கறது வேற, கடவுள்கிட்ட கேளுங்கன்னு மாதாகிட்ட சொல்றது வேற, இந்த வித்தியாசம் அவங்க நாக்குலயே இருந்துச்சு.

கத்தோலிக்க போதனையும் இதேதான். ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், புனிதர்களுக்கும் சொரூபங்களுக்கும் (சிலைகளுக்கும்) குடுக்கறது வணக்கம், அது ஆராதனை ஆகாதுன்னு 787ல ஆயர்கள் கூடின ரெண்டாவது நிசேயா சங்கத்துலயே பிரிச்சு சொல்லியாச்சு. அதனால உங்கண்ணன் சொல்ற "விக்கிரகம்" அத்தைக்கு பொருந்தாது, அந்த வார்த்தைய அவங்க காதுபட சொல்ல விட்டுடாத.

ஆனா உங்கண்ணன் எத பாத்து பயப்படறாருன்னும் எனக்கு புரியுது. நம்ம ஜனங்க பேசறத வெளியில இருந்து கேட்டா எப்படி இருக்கும்னு யோசிச்சு பாரு, மாதா குடுத்த புள்ள, மாதா வாங்கி குடுத்த வேலை, ஏசுகிட்ட நேரா போனா பயமா இருக்கு அம்மாகிட்ட சொன்னா வேல நடக்கும், இப்படியெல்லாம் பேசறோம். இதுல கடைசியா சொன்னது நிஜமாவே தப்பு, ஏசு கண்டிப்பானவரு, மாதாதான் இளகின மனசுன்னு எந்த கத்தோலிக்க போதனையும் சொல்லல. மரியாவோட பங்கு கிறிஸ்துவோட ஒரே மத்தியஸ்தத்த கொஞ்சமும் மறைக்கவோ குறைக்கவோ செய்யாதுன்னு 1964ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதி வச்சிருக்கு. 2025 நவம்பர்ல வத்திக்கான் ஒரு குறிப்பு வெளியிட்டு, மாதாவ "இணை மீட்பர்"னு, அதாவது ஏசுவோட சேந்து மீட்டவங்கன்னு கூப்பிடறது பொருத்தமில்லன்னே சொல்லிட்டாங்க. அண்ணன் கவலைப்படற எடத்துல ரோமுக்கும் கவலை இருக்குன்னு அவருகிட்ட சொல்லு.

இப்ப உங்க பக்கம். லூத்தரன் சபைகளுக்கு அடிப்படையான 1530ம் வருஷத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில 21வது பிரிவு முழுக்க இதப்பத்திதான். பரிசுத்தவான்கள, அதாவது நாங்க புனிதர்கள்னு சொல்றவங்கள, நினைக்கலாம், அவங்க விசுவாசத்த பாத்து நாமளும் நடக்கலாம், ஆனா அவங்கள கூப்பிட்டு உதவி கேக்க வேதத்துல போதனை இல்ல, மத்தியஸ்தர் ஒருத்தர்தான், அவ்வளவுதான் அதுல இருக்கு. அதுக்கு அடுத்து அவங்களே எழுதின விளக்கத்துல இன்னொரு விஷயமும் ஒத்துக்கறாங்க, பரலோகத்துல இருக்கற பரிசுத்தவான்கள் சபைக்காக பொதுவா ஜெபிக்கிறாங்கன்னு! இது எனக்கு தெரிய வந்தப்ப ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. அப்ப சண்டை எதுலன்னா, அவங்க நமக்காக வேண்டறாங்களாங்கறதுல இல்ல, "எனக்காக வேண்டிக்கோங்க"ன்னு நாம அவங்கள கேக்கலாமா, கேட்டா அது அவங்க காதுல விழுமா, இந்த ஒரு எடத்துலதான். உங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற தூரம் நீங்க நினைக்கறத விட கம்மி, ஆனா இருக்கற அந்த தூரம் நிஜமானதுதான், சும்மா பூசி மொழுகக் கூடாது.

1 தீமோத்தேயு 2:5 மட்டும் வச்சு இத முடிக்க முடியாது, ஏன்னா அதே அதிகாரத்துல முதல் வசனத்துலயே எல்லா மனுஷருக்காகவும் வேண்டுதல் பண்ணுங்கன்னு பவுல் சொல்றாரு, உங்க பாஸ்டர்கிட்ட போய் எனக்காக ஜெபிங்கன்னு கேக்கறப்ப ஏசுவ யாரும் ஓரங்கட்டறதில்லையே. அண்ணனோட பலமான பாயிண்ட் வேற, பாஸ்டர் உயிரோட இருக்காரு, மாதாகிட்டயோ புனிதர்கள்கிட்டயோ கேக்க சொல்லி எந்த வசனத்துல இருக்குன்னு கேட்டா, நேரடியான கட்டளை எங்ககிட்ட இல்ல, அத நேர்மையா ஒத்துக்கணும். எங்களுக்கு இருக்கறது சபையோட பாரம்பரியம், கிறிஸ்துவோட அன்புல இருந்து சாவு கூட நம்மள பிரிக்காதுன்னு ரோமர் 8ல இருக்கற நம்பிக்கை, வெளிப்படுத்தின விசேஷம் 5:8ல மூப்பர்கள் கையில பரிசுத்தவான்களோட ஜெபம் தூபமா இருக்கற காட்சி. அப்புறம் ரெண்டாம் மக்கபேயர் 15ல செத்துப்போன எரேமியா ஜனங்களுக்காக வேண்டறாரு, ஆனா அந்த புத்தகம் எங்க பைபிளோட 73 புத்தகத்துல இருக்கு, உங்க பைபிளோட 66ல இல்ல, அதனால அத காட்டி அண்ணன மடக்க முடியாது.

தமிழ்ல இன்னொரு சமாச்சாரம் இருக்கு, இத யாரும் கவனிக்கறதில்ல. உங்கம்மா வீட்டு பைபிள்ல தேவதூதன் மரியாள பாத்து "கிருபை பெற்றவளே, வாழ்க, கர்த்தர் உன்னுடனே இருக்கிறார்"னு சொல்றான். அத்தை வீட்டு பைபிள்ல "அருள்மிகப் பெற்றவரே வாழ்க, ஆண்டவர் உம்மோடு இருக்கிறார்". கானாவூர்ல ரசம் தீந்து போச்சுன்னு சொன்னதும் ஏசு உங்க பைபிள்ல "ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன"ங்கறாரு, எங்க பைபிள்ல "அம்மா"ன்னு கூப்பிடறாரு. மூலம் ஒண்ணுதான், ஆனா சின்ன வயசுல இருந்து "உன்னுடனே"ன்னு கேட்ட காதுக்கும் "உம்மோடு"ன்னு கேட்ட காதுக்கும் மாதா ஒரே மாதிரி தெரிவாங்களா? இத்தனைக்கும் 1995ல வந்த எங்க பொது மொழிபெயர்ப்புக்கு உங்க பக்கத்து ஆளுங்களும் சேந்துதான் வேலை செஞ்சாங்க. இந்த சண்டை நம்ம மண்ணுலயே முன்னூறு வருஷ பழசு, உங்க கடலூர் மாவட்டத்துலயே கோணாங்குப்பத்துல பெரியநாயகி மாதாவுக்கு கோயில் கட்டின வீரமாமுனிவரு தரங்கம்பாடி லூத்தரன்களுக்கு எதிரா புத்தகமே எழுதினவரு.

நீ என்ன பண்ணனும்னு கேட்டல்ல. வீட்டு செபமாலையில ஒருத்தர் "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு முன்பாதி சொல்லுவாங்க, மத்தவங்க "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்"னு பின்பாதி முடிப்பாங்க. அந்த முன்பாதி பூரா லூக்கா 1:28ம் 1:42ம்தான், தேவதூதன் சொன்னதும் எலிசபெத் சொன்னதும், "இயேசு"ங்கற பேரும் அதுல வரும், வேண்டுதல் ஒண்ணுமே அதுல கிடையாது. அதனால அத்தைகிட்ட போய், "அத்தை, இன்னைக்கு செபமாலையில ஒரு பத்து மணிகளுக்கு நான் முன்பாதி சொல்றேன், பின்பாதிக்கு மட்டும் என் மனசு இன்னும் இடம் குடுக்கல, அத நீங்க சொல்லுங்க"ன்னு கேளு. பரலோக மந்திரத்த, அதான் உங்க பரமண்டல ஜெபத்த, முழுசா சேந்து சொல்லு, அது உன் ஜெபமும்தான். முட்டி போட மனசு வரலன்னா உக்காந்தே சொல்லு. அண்ணன்கிட்ட அவரு பைபிள்லயே லூக்கா 1:48 எடுத்து காட்டு, "எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்"னு இருக்கும், அந்த மரியாள் பாட்டுக்கு 1521ல லூத்தரே உக்காந்து விளக்கம் எழுதியிருக்காரு.

கேள்வி: மாதா விண்ணேற்பு, அதாவது அவங்க உடலோட பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, பைபிள்லயே இல்லையே, அப்புறம் ஏன் ஆகஸ்ட் 15 பெருவிழா?
- மஞ்சக்குப்பம் வாசகர்

பதில்: நேரா அப்படி ஒரு வசனம் இல்ல, உண்மைதான். திருவிழா ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசு, ஆனா விசுவாச சத்தியம்னு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவிச்சது 1950லதான். அதே மாதிரி அமல உற்பவம், அதாவது மாதா ஜென்ம பாவம் இல்லாமலே உற்பவிச்சாங்கங்கறது, சத்தியமா அறிவிச்சது 1854ல. வேதத்துல இல்லாதத நம்பியே ஆகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுங்கறது சீர்திருத்த சபைகளோட வாதம், வேதத்த காப்பாத்தி நம்ம கையில குடுத்த சபைக்கு இத சொல்லவும் அதிகாரம் இருக்குங்கறது எங்க பதில்.

கேள்வி: பதிமூணு செவ்வாக்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு போய் மெழுகுவத்தி ஏத்தினேன், பையனுக்கு வேலை கிடைக்கல. பக்கத்து வீட்டு பெந்தெகொஸ்தே அம்மா, "செத்தவர்கிட்ட கேட்டா இப்படித்தான், எங்க ஜெபத்துக்கு வாங்க"ன்னு கூப்பிடறாங்க. போகலாமா?
- அரியாங்குப்பம் வாசகி

பதில்: அம்மா, அந்தோணியார் தரேன்னு வாக்கு குடுக்கல, அவரால தனியா தரவும் முடியாது, உங்களோட சேந்து கேக்கத்தான் முடியும். 2022ல நம்ம தேவசகாயம் பிள்ளைய புனிதரா அறிவிச்சப்ப கூட ஒரு அற்புதத்த விசாரிச்சுதான் செஞ்சாங்க, அப்பவும் அற்புதம் செஞ்சது கடவுள், தேவசகாயம் பரிந்து பேசினாருன்னுதான் திருச்சபை சொல்லும். அவங்க ஜெபத்துக்கு போறதும் தப்பில்ல, அங்கயும் ஏசுகிட்டதான் கேக்கறாங்க, ஆனா அங்க பதிமூணு வாரம் போயும் வேலை வரலன்னா அப்ப யார குறை சொல்லுவாங்கன்னு யோசிச்சுக்கோங்க. பையன் என்ன படிச்சிருக்கான்னு நீங்க எழுதல, அத எழுதி அனுப்புங்க, வேலை பத்தின பக்கத்துல எழுதறவங்ககிட்ட குடுக்கறேன்.