ஒன்று வாங்கினால் இருவர் ஆடலாமா?

கேள்வி: நான் மதுரையில் இருக்கிறேன். தம்பி தோஹாவில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை இரவுகளில் சேர்ந்து ஆட ஒரு கேம் வாங்க நினைக்கிறோம். ‘இட் டேக்ஸ் டூ’ நன்றாக இருக்கும் என்கிறார்கள். இருவரிடமும் லேப்டாப் இருக்கிறது. ஆளுக்கொன்று வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒன்று போதும். ஸ்வீடனில் உள்ள ஹேஸ்லைட் ஸ்டூடியோ உருவாக்கி 2021-ல் வெளியான இந்த கேமைத் தனியாக ஆட வழியே கிடையாது. அதனால் ‘ஃப்ரெண்ட்ஸ் பாஸ்’ என்று ஒன்றை இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்குங்கள், தம்பி பாஸை டவுன்லோடு செய்யட்டும். நீங்கள் அழைத்தால் முதலிலிருந்து முடிவு வரை உங்களோடு ஆடலாம். நீங்கள் இல்லாத நாளில் அந்தப் பாஸை வைத்து அவர் வேறு நண்பரோடு ஆட முடியாது, அவ்வளவுதான்.

பாஸ் இலவசம் என்றாலும் டவுன்லோடு சின்னதல்ல. சுமார் 50 ஜிபி இடம் கேட்கும், இருவர் லேப்டாப்பிலும். மொபைல் டேட்டாவை நம்பி இறங்க வேண்டாம்.

இந்த கேமில் கோடி என்ற கணவன் ஆணியை வீசிச் சுவரில் குத்துவான், மே என்ற மனைவி தன் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கித் தாண்டுவாள். ஒருவர் கை அசைவது மற்றவர் திரையில் அரை வினாடி தாமதமாகத் தெரிந்தால் இந்த இடமெல்லாம் சலிப்பாகிவிடும். மதுரைக்கும் தோஹாவுக்கும் இடையே உங்கள் இணைப்பு எப்படி இருக்கிறது என்பது ஆடிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால், 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தில் மெனு திரை சும்மா திறந்திருக்கும் நேரமும் சேரும். ஆகவே டவுன்லோடு, ஹெட்செட், தம்பியின் அக்கவுன்ட் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்துவிட்டு, அப்புறம் கேமைத் திறவுங்கள்.

தம்பி பின்னால் பிளேஸ்டேஷனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதை வாங்காதீர்கள். லேப்டாப்பும் பிளேஸ்டேஷனும் இதில் ஒன்றோடொன்று சேராது. அதே ஸ்டூடியோ உருவாக்கி 2025-ல் வெளியான ‘ஸ்பிளிட் ஃபிக்‌ஷன்’ சேரும், அதிலும் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் உண்டு. விலை கூடுதல்தான். ஆனாலும் உங்கள் நிலையில் நான் அதைத்தான் வாங்குவேன்.

கேள்வி: ஒரு தளத்தில் பாதி விலைக்கு கேம் கீ (ஸ்டீமில் போட்டால் கேம் கிடைக்கும் குறியீடு) வாங்கினேன். இரண்டு வாரம் ஆடினேன். இப்போது ஸ்டீம் லைப்ரரியில் அந்த கேமே இல்லை. ஸ்டீம் பணம் தருமா?

பதில்: தராது. வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் பொறுப்பேற்பதில்லை. திருட்டு கார்டில் வாங்கப்பட்ட கீ என்று தெரிந்தால் கேம் நிறுவனம் அதை ரத்து செய்துவிடும், நட்டம் கடைசியாக வாங்கியவருக்கு. விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்பியூட் (அந்தக் கட்டணத்தின் மீது ஆட்சேபம்) போடுங்கள், தாமதம் வேண்டாம். விற்றவர் இந்தியாவில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

கேள்வி: பலர் தனித்தனி சர்வர்களாக நடத்தும் சமூக வலைதளமான மாஸ்டடானில் இரண்டு வருடமாக கேம்கள் பற்றி எழுதுகிறேன். என் சர்வரை நடத்துபவர் மூன்று மாதத்தில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார். மாதம் 200 ரூபாய் நன்கொடை வேறு கொடுத்தேன். எதைக் காப்பாற்றலாம், பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கொடுத்தது நன்கொடை, நீங்கள் ஒரு சேவையை விலைக்கு வாங்கவில்லை. அதைத் திரும்பக் கேட்க வழி இல்லை, ஆட்டோ பேமென்ட்டை மட்டும் நிறுத்துங்கள். முன்கூட்டியே சொன்னவர் நேர்மையானவர் என்பது என் எண்ணம். சொல்லாமல் ஒரே இரவில் மூடியிருந்தால் எதையுமே எடுத்திருக்க முடியாது.

மாஸ்டடானில் ஆள்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், எழுதியதைக் கொண்டு போக முடியாது. வேறு சர்வரில் புது அக்கவுன்ட் தொடங்கி, பழைய அக்கவுன்ட் உங்களுடையதே என்று அங்கே பதிவு செய்யுங்கள். பிறகு பழையதிலிருந்து இடமாற்றம் கொடுத்தால் ஃபாலோயர்கள் தாமாகவே புதியதற்கு வந்துவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், பிளாக் செய்தவர்கள், புக்மார்க்குகள் ஆகிய பட்டியல்களை ஃபைலாக இறக்கி, புது இடத்தில் ஏற்றுங்கள். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே இதெல்லாம் முடிய வேண்டும்.

உங்கள் இரண்டு வருடப் பதிவுகளையும் படங்களையும் ஆர்கைவாக (ஒரே தொகுப்பு ஃபைலாக) இறக்கிக் கணினியில் வைக்கலாம், ஆனால் புது அக்கவுன்ட்டில் ஏற்ற முடியாது. நல்ல விமர்சனங்கள் நாலைந்து இருந்தால் கையால் மறுபடி பதிந்துவிடுங்கள். ஆர்கைவை 7 நாளுக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். இன்று ஒன்று கேளுங்கள், கடைசி வாரத்தில் இன்னொன்று.

புது சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது நடத்துபவர் ஒருவரா, குழுவா, வரவு செலவைச் சொல்கிறார்களா என்று அறிமுகப் பக்கத்தில் பாருங்கள். சர்வரை நடத்தும் அட்மின் நினைத்தால் உங்கள் தனிச் செய்திகளையும் படிக்க முடியும். கேம் அக்கவுன்ட் பாஸ்வேர்டை நண்பருக்கு அதில் அனுப்பியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.