ஹை பீம் எரிந்தும் கண் கூசாதது எப்படி?

கேள்வி: புதிய கார்களில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முகப்பு விளக்கின் ஒளியும் திரும்புகிறது, ஹை பீம் எரிந்தாலும் எதிரே வருபவருக்குக் கண் கூசுவதில்லை என்கிறார்களே, இரண்டும் ஒரே ஏற்பாடுதானா?

பதில்: இல்லை, வெவ்வேறு ஏற்பாடுகள், விளம்பரங்கள்தாம் இரண்டையும் ஒரே பெயரில் கலந்துவிடுகின்றன.

ஒளி திரும்புவது புதிதன்று. 1967-ஆம் ஆண்டின் சிட்ரோயன் டி.எஸ். காரிலேயே, முகப்பின் இரட்டை விளக்குகளில் உள்பக்கமாக இருந்தவை ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பின. இன்று ஸ்டியரிங்கின் கோணம், சக்கரங்களின் வேகம், வண்டி திரும்பும் வீதம் ஆகியவற்றை சென்சார்கள் தெரிவிக்க, கட்டுப்பாட்டுக் கருவி வளைவின் அளவைக் கணக்கிட்டு, சிறு மோட்டாரால் விளக்கைச் சுமார் 15 டிகிரி வரை திருப்புகிறது. ஆனால் இத்தகைய அமைப்பு சாலையைப் பார்ப்பதில்லை. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகே வளைவை அறிகிறது என்பதால், வளைவுக்குள் நுழையும் கணத்தில் ஒளி சற்றுப் பிந்தியே வந்து சேரும்.

கண் கூசாமல் காப்பதுதான் உண்மையிலேயே நுட்பமான வேலை. முன்கண்ணாடியின் உட்புறம், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிக்கு அருகில் இருக்கும் கேமரா, எதிர்வரும் வண்டியின் வெள்ளை விளக்குகளையும் முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்குகளையும் அடையாளம் கண்டு, அவை எந்தக் கோணத்தில் உள்ளன என்று கணிக்கிறது. 2013-இல் வந்த ஆடி ஏ8 காரில் ஹை பீமுக்கென்று ஒவ்வொரு விளக்கிலும் 25 எல்.இ.டி.கள் இருந்தன, அந்தக் கோணத்தை நோக்கி ஒளிர்பவை மட்டும் மங்கும் அல்லது அணையும். எதிர்வண்டிக்குக் குடை பிடித்தாற்போல ஓர் இருள்பட்டை உருவாகி அதனுடனேயே நகர, இருபுறமும் சாலையோரம் முழு வெளிச்சத்தில் இருக்கும். அமெரிக்காவில் ஹை பீம், லோ பீம் என்ற பழைய பகுப்பிலேயே விதிகள் நின்றதால், 2022-இல்தான் இதற்கு அனுமதி கிடைத்தது.

குறையும் உண்டு. கேமரா முக்கியமாக விளக்குகளைக் கொண்டே வண்டிகளை அறிவதால், விளக்கில்லாத சைக்கிளில் வருபவர் மீது ஹை பீம் முழுதாகப் பாயலாம். மேட்டின் மறுபுறமிருந்து ஏறிவரும் வண்டியோ, அதன் விளக்குகள் மேட்டுக்கு மேலே தெரியும் வரை கேமராவுக்குப் புலப்படாது. முன்கண்ணாடியை மாற்றினால், கேமராவை மீண்டும் நேர்செய்ய வேண்டுமா என்பதைப் பணிமனையில் கட்டாயம் கேளுங்கள்: கேமரா சிறிதளவு விலகினாலும் இருள்பட்டை எதிர்வண்டியின் மேல் விழாமல் அதன் பக்கத்தில் விழும்.