ஆறு இடங்களில் முதல் இடம்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் எனக்குத் தமிழில் கடிதம் வருவது அபூர்வம். நம் சாட்ஸ்வர்த் பகுதியில் நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ் வீடுகளில் ‘ஆயா’, ‘தாத்தா’ என்ற சொற்கள் தங்கிவிட்டன; எழுத்து தங்கவில்லை. கும்பகோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நீங்கள் நான்கு பக்கம் தமிழில் எழுதியிருக்கிறீர்கள், அதில் மூன்று பக்கம் கவலை. “டாக்டர் ஆகக்கூடிய பெண், எலிக்கு ஊசி போடுகிற வேலைக்குப் போகிறேன் என்கிறாள். சொந்தக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?” என்று கேட்கிறீர்கள். சொந்தக்காரர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான சிஏஓவில் இருக்கும் ஆறு இடங்களில் முதல் இடத்தில் எதை எழுதுவது, மருத்துவத்தையா, புற்றுநோய் ஆய்வுக்குப் போக அவள் கேட்கும் பிஎஸ்சியையா என்பதுதான் இப்போது அவசரம்.

பிஎஸ்சியை எழுதுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் உங்கள் மகள் என்னிடம் தாத்தாவைப் பற்றிப் பேசினாள். அவருடைய நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி மருந்து, அதாவது உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் மேல் ஏவும் மருந்து, நான்கு முறை ஏற்றியும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அதே மருந்தை ஏற்றிக்கொண்டவர் இந்த ஆண்டு தைப்பூசக் காவடிக்கு நடந்தே வந்தாராம். “ஒரே மருந்து, அவருக்கு மட்டும் ஏன் கேட்டது?” என்றாள். தாத்தாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் இந்தக் கேள்விக்கே வந்தாள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகள் வேறு மாதிரிப் பேசுவார்கள். இருபது வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்து கேட்டவன் சொல்கிறேன்.

ஒருமுறை நான் தவறியும் இருக்கிறேன். இப்படியே கேள்வி கேட்ட ஒரு பையனை, மதிப்பெண் இருக்கிறதே என்று மருத்துவத்துக்குத் தள்ளினேன். மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டான். அவனுடைய அப்பா இன்னும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவள் கேட்ட கேள்விக்கு உலகத்தில் இன்னும் முழு விடை கிடையாது. நம் ரத்தத்தில் டி-செல் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. கெட்டுப்போன செல்லைத் தேடிப்போய்க் கொல்வது அதன் வேலை. கண்மூடித்தனமாகக் கொல்லாமலிருக்க அதற்குக் கடிவாளங்களும் உண்டு. புற்றுநோய்க் கட்டி செய்யும் சூது, அந்தக் கடிவாளத்தைத் தானே பிடித்து இழுத்துவிடுவது. அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற கடிவாளத்தை ஆராய்ந்தார். தசுகு ஹோஞ்சோவின் குழு 1992-இல் ஜப்பானின் கியோட்டோவில் பிடி-1 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அலிசன் மருத்துவம் படித்தவரல்லர், முனைவர் பட்டம் மட்டும் பெற்றவர். ஹோஞ்சோ மருத்துவர். தென் அமெரிக்காவின் கயானாவில் பிறந்து இன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதே துறையில் இருக்கும் பத்மனி ஷர்மா இரண்டும் படித்தவர். கயானாவும் நம் நேட்டாலைப் போலக் கரும்புக்கு இந்தியாவிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோன நாடுதான். இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் கேட்பார்கள். ஆக, மகள் பின்னால் மனம் மாறி மருத்துவத்துக்குப் போனாலும் இந்தக் கதவு சாத்திக்கொள்ளாது.

‘புற்றுநோய் இம்யூனாலஜி’ (புற்றுநோயை எதிர்க்கும் உடல் சக்தியைப் பற்றிய படிப்பு) என்ற பெயரில் பிஎஸ்சி எங்கே இருக்கிறது என்று நீங்கள் இணையத்தில் தேடியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் தேட வேண்டாம். டர்பனில் டி-செல்லைப் படிக்கும் வழி எச்ஐவி, காசநோய் ஆய்வுக்கூடங்கள் வழியாகத்தான் போகிறது. இது இரண்டாந்தர வழி என்று நினைத்துவிடாதீர்கள். நெடுநாள் கிருமியோடு போராடிக் களைத்துப்போன டி-செல்லின் மேல் பிடி-1 மண்டிக்கிடப்பதை எச்ஐவியில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று 2006-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வந்தது. அதற்கு ரத்தம் கொடுத்தவர்கள் டர்பன் நோயாளிகள். கட்டிக்குள் களைத்துக் கிடக்கும் டி-செல்லுக்கும் இதே கதைதான். தாத்தாவுக்கு ஏற்றிய மருந்து தளர்த்தப் பார்த்தது இந்தக் கடிவாளத்தைத்தான். நெல்சன் மண்டேலா மருத்துவக் கல்லூரியை ஒட்டி இருக்கும் ஆப்பிரிக்க சுகாதார ஆய்வு நிறுவனமும் காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு மையமும் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கும்போது, முதல் பட்டத்துக்கே பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

முதல் இடத்தில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பிஎஸ்சி. உயிர்வேதியியல், மரபியல், நுண்ணுயிரியல் சேர்ந்த பிரிவாகப் பாருங்கள். இரண்டாவது இடத்தில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுக்கூட அறிவியல், நான்கு ஆண்டு. அதை முடித்தால் ஆய்வுக்குப் போகாவிட்டாலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்க்கலாம். மருத்துவத்தை எந்த இடத்தில் எழுதுவது, எழுதுவதா வேண்டாமா என்பதை அவளிடமே விடுங்கள்.

இப்போது கசப்பான கணக்கு. பிஎஸ்சி மூன்று ஆண்டு, அதற்கு மேல் ஹானர்ஸ் என்ற படிப்பு ஒன்று, முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் மூன்றோ நான்கோ. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் ஆறு, பயிற்சி இரண்டு, சமூக சேவை ஒன்று. கூட்டினால் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் டாக்டர் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வாங்குவார், ஆய்வு மாணவி உதவித்தொகையில் இருப்பாள். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் முதல் பட்டத்துக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவி உண்டு. ஹானர்ஸிலிருந்து தேசிய ஆய்வு அறக்கட்டளையின் (என்ஆர்எஃப்) உதவித்தொகைக்குப் போட்டியிட வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தங்களாகத்தான் வேலை கிடைக்கும். 2025-இல் அமெரிக்க நிதி நின்றபோது தென்னாப்பிரிக்க ஆய்வுத் துறையில் நல்ல கைத்திறன் உள்ளவர்களே வேலை இழந்தார்கள். இதை மகளிடம் மறைக்காதீர்கள். அலிசன் குழு எலிகளில் கட்டி கரைந்ததைக் காட்டியது 1996-இல். அந்த வழியில் வந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011-இல். நடுவில் பதினைந்து ஆண்டு. பொறுமையில்லாத பெண் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. ரத்தத்திலிருந்து இந்த வெள்ளணுக்களைப் பிரிப்பதை அவள் பார்க்க வேண்டும். ஃபிக்கால் என்ற நிறமற்ற திரவத்தின் மேல், சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, உப்புநீர் கலந்த ரத்தத்தை விளிம்பு வழியாக வழிய விடுவார்கள். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்து எடுத்தால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் பாலாடை போல் ஒரு மெல்லிய வெள்ளை வளையம். டி-செல்கள் அதில்தான். பிப்பெட் என்ற உறிஞ்சு குழலால் அந்த வளையத்தை மட்டும் உறிஞ்ச வேண்டும். கை நடுங்கினால் அடுக்குகள் கலங்கிவிடும், திரும்ப முதலிலிருந்து. இதையே ஒரு நாளில் இருபது குழாய்களுக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மின்வெட்டுக் காலத்தில் உறைபெட்டி அணைந்துவிடாதபடி இரவில் ஜெனரேட்டருக்குக் காவல் இருந்தவர்களும் இருக்கிறார்கள். கிருமி உள்ள ரத்தம் என்பதால் பள்ளி மாணவியின் கையில் பிப்பெட் கொடுக்க மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க ஜூலை விடுமுறையில் அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் நிற்கட்டும். ஒரு மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிட்டால் நாம் வேறு பேச்சுப் பேசலாம்.

அவளுடைய தம்பியைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிகிறது, கணிதம் வரவில்லை, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் எளிய பாடமான மேத்தமேட்டிகல் லிட்டரசிக்கு மாற்றலாமா என்று. அவனுக்கு அறிவியல் பக்கம் ஒரு கண் இருந்தால்கூட மாற்ற வேண்டாம். பிறகு திரும்பி வருவது மிகக் கடினம். ட்யூஷனுக்கு ஆள் சொல்கிறேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வரும்போது பதினோராம் வகுப்பின் இறுதி மதிப்பெண் அட்டையையும் அவள் அப்பாவின் சம்பளச் சீட்டையும் எடுத்து வாருங்கள். மகளோடு அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். வெளியே மாமரத்தடியில் பெஞ்சு இருக்கிறது, நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.